ஏழாம் நம்பர் மலையில் ஓடாத ஓட்டம்

அந்தப் படத்தின் பேரைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தோட்டத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கறுப்புக் கோட்டுப் போட்ட உளவாளி. எதிரி ஆட்கள் துரத்த, மலைச் சரிவில் ஒரே மூச்சாக ஓடி இறங்குவார். கோட்டு இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி விரியும். அந்த இடத்தில் விசில் காதைப் பிளக்கும்.

நான் அதைத் தியேட்டரில் பார்க்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு திருவிழாவுக்கு டவுனிலிருந்து வீடியோ டெக் எடுத்து வந்து, பெரட்டுக் களத்தில் டிவியை வைத்துப் போட்டார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற களம் அது. அந்த ஓட்டம் வந்ததும் கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டார்கள். டெக் சூடாகி நின்றுவிட்டது.

அன்றைக்கு என் வீட்டுக்காரி சொன்னாள்: "அவரு உசரம் உங்க உசரந்தான்."

உயரம் ஒன்றுதான். மற்றது எதுவும் ஒன்றில்லை.

அப்புறம் பல வருடம் போனது. நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், இந்தியாவிலிருந்து படம் பிடிக்க ஆட்கள் எங்கள் தோட்டத்துக்கே வந்தார்கள். லிந்துலைப் பக்கம் அப்படி ஒரு கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதே உளவாளி. அதே நடிகர். வேலையை விட்டு ஒதுங்கிவிட்ட உளவாளியைத் திரும்பக் கூப்பிடுகிற கதை என்றார்கள். நடிகருக்கு அறுபது தாண்டியிருந்தது. நடுவில் வெகு நாள் அவருக்குப் படமே இல்லையாம். இது ஓடினால்தான் உண்டு என்று அவர்களுடைய வான் டிரைவர் சொன்னான்.

பெரட்டில் கண்டாக்கையா, அதாவது எங்களுக்கு வேலை பிரிக்கிறவர், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏய், உன் உசரம் எவ்வளவு?"

"அளந்ததில்லைங்க."

"தையல்காரன் அளப்பான். போ. நடிகருக்குப் பதிலா நீதான் ஓடணும். முதுகு மட்டும் காட்டுவாங்களாம்."

நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவோம். அதுதான் கவ்வாத்து. வெட்டும்போது கத்தி சரிவாக இறங்க வேண்டும். நேராக வெட்டினால் தண்ணீர் நின்று கட்டை அழுகிவிடும். அதனால் வெட்டி முடித்த மலையில் ஒவ்வொரு செடியும் பத்துப் பதினைந்து ஈட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பச்சை இருக்காது. கட்டைதான். அதில் இறங்கும்போது கத்தியை வலது கையில், இடுப்புக்குப் பின்னால், நுனி பின்பக்கம் பார்க்கப் பிடிப்போம். விழுந்தாலும் நம் கத்தி நம்மைக் குத்தக் கூடாது. சேரும் நாளில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். வெட்டுவது அப்புறம்.

டைரக்டர் எல்லா மலையையும் பார்த்துவிட்டு ஏழாம் நம்பர் மலையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முந்தின வாரம் நாங்கள் வெட்டி முடித்தது. கொழுந்து நிற்கிற மலையில் ஆள் ஓடினால் இடுப்புக்கு மேல்தான் தெரியும். இங்கே கால் வரை தெரியும் என்றார். சுடுகாடு மாதிரி இருக்கிறது, நல்லா இருக்கிறது என்றும் சொன்னார்.

எனக்குக் கோட்டு மாட்டினார்கள். மலையடியில் தண்ணீர் ஓடுகிற கீழ்க்கானில் நின்ற எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா.

"சலாம் தொரை! பெரட்டுக்கு லேட்டாயிருச்சே!"

"தொரைக்குக் கோட்டு இருக்கு, சப்பாத்து எங்க?"

காலுக்குச் சப்பாத்தும் கொடுத்திருந்தார்கள். கடித்தது. கழற்றி வைத்திருந்தேன்.

வீட்டுக்காரி கொழுந்துக் கூடையோடு ரோட்டில் நின்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், எங்க வீட்டு ஆளு படத்துல வர்றாருன்னு. அவளுக்குப் பெருமைப்பட அவ்வளவாக ஒன்றும் நான் கொடுத்ததில்லை. இது கிடைத்தது.

ஓடச் சொன்னார்கள். ஓடினேன். எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வெட்டியதே நான்தான். அப்படியும் இரண்டு இடத்தில் உயிர் போய் வந்தது. டைரக்டர் கைதட்டினார். நாளைக்கு இதையே எடுத்துவிடலாம் என்றார்.

நடிகர் மேலே நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி நேரம். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் கத்தியை எடுத்துக்கொண்டு மிச்ச வேலைக்குக் கிளம்பினேன். நடிகர் தனியாக என்னிடம் வந்தார். ரோட்டுக் கரையின் மூன்று படியை ஒரு பக்கமாகத் திரும்பி இறங்கினார். இடது முழங்கால் சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. சுமை தூக்குகிற எங்களுக்கு முழங்காலைப் பார்த்தால் தெரியும்.

"நல்லா ஓடினீங்க" என்றார்.

"சரிங்க."

"போன படத்துல நானே ஓடினேன். டூப்பு கேக்கல."

"பாத்திருக்கேங்க."

மலைப் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உங்க முதுகைக் காட்டி, என் மூஞ்சியை ஒட்டிருவாங்க. யாருக்கும் தெரியாது. ஆனா அந்த ஆளு வர்ற இடமே அந்த ஓட்டந்தான். அதுல நான் இல்லேன்னா படத்துல நான் எங்க இருக்கேன்?"

நானும் மலையைப் பார்த்தேன்.

"மறைக்காமச் சொல்லுங்க. நான் இதுல ஓடலாமா?"

"வேணாங்க."

"வயசாயிருச்சுன்னா?"

"வயசு இல்லீங்க. கவ்வாத்து மலையில நாங்களே ஓட மாட்டோம்."

"இப்ப ஓடினீங்களே?"

"சொன்னாங்க. ஓடினேன்."

அவர் சிரித்துவிட்டார். நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினேன். கட்டை ஏறிய தழும்பு. பழையது. பார்த்தார். சிரிப்பு நின்றது.

"சரி, இங்க குளவி கொட்டும்னாங்க. அது துரத்துதுன்னு வைங்க. இங்க ஒளியச் செடியும் இல்ல. அப்ப என்ன செய்வீங்க?"

"நடப்போம்."

"குளவி துரத்தும்போதா?"

"ஆமாங்க. வேகமா நடப்போம். ஓடுறவன் விழுவான். விழுந்தவனைத்தான் குளவி மொய்க்கும்."

அவர் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார். பிறகு, "நடந்து காட்டுங்க" என்றார்.

நடந்தேன். என்னத்தைக் காட்டுவது, தினமும் நடக்கிறதுதான். பாதத்தைக் குறுக்காக வைக்க வேண்டும். கண் அடுத்த கட்டையில் இல்லை, அதற்கடுத்த கட்டையில் இருக்க வேண்டும். அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். மூன்று தடவை மேலே ஏறி, மூன்று தடவை இறங்கினோம். "நோகிற காலை முதல்ல வைங்க, நல்ல கால் மேல நின்னு தாங்கட்டும்" என்றேன். நான் முழங்காலைக் கவனித்ததை அவர் கவனித்தார்.

மூன்றாம் தடவை கீழ்க்கானுக்கு வந்ததும் டைரக்டரைக் கூப்பிட்டார்.

"நான் ஓடல. நடக்கப் போறேன்."

டைரக்டருக்கு முகம் மாறிவிட்டது. "சார், ஜனங்க அந்த ஓட்டத்துக்குத்தான் வருவாங்க."

"துரத்துறவன் ஓடட்டும். அவனுக்கு இந்த மலை தெரியாது. எனக்குத் தெரியும். நான் நடப்பேன்."

"விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா மறுநாள் இவரை வச்சு எடுத்துக்குங்க."

டைரக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப அண்ணனுக்கு வேலை இல்லையே."

நடிகரும் திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை அதை அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. நானும்தான் நினைக்கவில்லை. வேணாங்க என்று நான் சொன்ன ஒரு சொல், என்னையே படத்திலிருந்து தூக்கிவிட்டது.

"பரவாயில்லீங்க" என்றேன்.

வீட்டில் அது அவ்வளவு லேசாக இல்லை.

"அப்ப நீங்க வர மாட்டீங்களா?"

"இல்ல."

"முதுகும் வராதா?"

"வராது."

அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்தினாள். "ஓடலாமுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு விழுந்திருப்பாரு. பொறகு உங்களைத்தான் கூப்பிட்டிருப்பாங்க."

"ஆமா."

அவளுக்கே தான் சொன்னது பிடிக்கவில்லை. மறுபடி ரொட்டியைத் தட்ட ஆரம்பித்தாள். தட்டியதைக் கல்லில் போட்டுவிட்டு, "லயத்துல கேட்டா என்னான்னு சொல்றது?" என்றாள்.

"பக்கத்துல நின்னாருன்னு சொல்லு."

மறுநாள் காலை பனி விலகியதும் எடுத்தார்கள். துரத்துகிற பையன்கள் நாலு பேர் விழப்போகிற இடமெல்லாம் நாங்கள் மிலாறு போட்டு மூடி வைத்தோம். வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிதான் மிலாறு. மெத்தை மாதிரி போட்டால் கட்டை குத்தாது. நடிகர் வருகிற வழியில் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கால் வைக்கிற இடம் தெரியாமல் போகும் என்றார். அது சரிதான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் கீழ்க்கானில் நின்றேன். அவர் மேலே கோட்டோடு நின்றார். சத்தம் கொடுத்ததும் இறங்கத் தொடங்கினார். பின்னால் பையன்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தன் விழுந்தான். இன்னொருத்தன் விழுந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடு மலையில் ஒரு இடம், இடது கால் ஒரு கட்டையில் இடித்தது. ஆள் ஒரு பக்கம் சாய்ந்தார். நான் கானை விட்டு ஒரு எட்டு ஏறிவிட்டேன். டைரக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நடிகர் நல்ல காலில் நின்றார். மூச்சு விட்டார். நோகிற காலை முதலில் வைத்தார். வந்தார்.

கீழே வந்ததும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மூன்று நாளில் எல்லோரும் போய்விட்டார்கள்.

படம் வர ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆனது. ஹட்டனில் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு வீட்டுக்காரியோடு போனேன். எங்கள் தோட்டத்து ஆட்களே பாதித் தியேட்டர். அந்த இடம் வந்தது. விசில் நடிகருக்கு இல்லை.

"ஏழாம் நம்பர் மலை டோய்!"

"கண்டாக்கையா வூட்டுத் தகரம் தெரியுது, பாரு பாரு!"

அப்புறம் அவர் இறங்க இறங்கச் சத்தம் அடங்கியது. ஓடாமல் வருகிறார். கோட்டு விரியவில்லை. அதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, நல்ல பயம். தியேட்டரே கை தட்டியது.

வீட்டுக்காரி தட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க, கையில ஒண்ணும் இல்லாம என்னத்துக்கு அவரு கையை அப்படி வச்சிருக்காரு?"

பார்த்தேன். வலது கை. இடுப்புக்குப் பின்னால். விரல் மூடி, மணிக்கட்டு வெளியே திரும்பி. கத்தி பிடிக்கிற கை, கத்தி இல்லை. மூன்று தடவை என் முதுகைப் பார்த்து வந்தவர், எது நடை, எது கத்திக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறார். அதைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. என் கை பார்வைக்கு அப்படி இருக்கும் என்று எனக்கே அன்றைக்குத் தியேட்டரில்தான் தெரிந்தது.

"அது உங்க கைதானே?" என்றாள்.

"பேசாம படத்தைப் பாரு."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே தொடங்கிவிட்டாள். எங்க வீட்டு ஆளு கையப் போய்ப் பாருங்கன்னு லயம் முழுக்கச் சொன்னாள். கவ்வாத்து வெட்டுகிற வீடுகளில் நம்பினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

படம் நன்றாக ஓடியது. அந்த நடை இளவட்டத்துக்குப் பிடித்துவிட்டது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வெறுங்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பொடியன்கள் திரிந்ததை நானே பார்த்தேன். கட்டையும் இல்லை, சரிவும் இல்லை, தார் ரோட்டில்.

அடுத்த கவ்வாத்துக் காலத்தில் நாலு புது ஆட்கள் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தார்கள். முதல் நாள் நான் முன்னால் இறங்கினேன். பின்னால் சிரிப்பு.

"மாமாவுக்கு இந்த வயசுல ஆசையைப் பாருடா! அந்த நடிகரைப் பாத்துத்தானே மாமா இப்படி நடக்கிறீங்க?"

ரோட்டில் கூடையோடு போன வீட்டுக்காரி நின்றுவிட்டாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "நீங்களும் அப்படியே கத்தியைப் புடிங்க. நுனி பின்னால."

பிடித்தார்கள். நாலு பேரும் சொன்னபடி பிடித்தார்கள். அதற்கு முன் எந்தப் புது ஆளும் முதல் நாளே சரியாகப் பிடித்ததில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் வரை வீட்டுக்காரி என்னோடு பேசவில்லை.