ஓடையில் என் பாதி

எட்டாம் வகுப்போடு இந்தப் பனிநாட்டுக்கு வந்தவன் நான். அஜின்கோர்ட்டில் கடை, ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே மாட்டுப்பண்ணை, எல்லாம் தனியனாக எழுப்பினேன். மனைவி போனபின் பண்ணையிலும் தனியன்தான்.

ஒரு வசந்தத்தில் பனி உருகி ஓடை பெருகியது. பள்ளம் நிரம்பி, மாடுகள் நடுமேட்டில் சிக்கின. நான் யாழ்ப்பாணத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பி வளர்ந்தவன். மண்வெட்டியோடு இறங்கி, தாழ்ந்த பக்கம் வாய்க்கால் வெட்டினேன். பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரக் கிழவர், கூப்பிடாமலே வந்து கூட வெட்டினார். வெள்ளம் வடிந்தது, மாடுகள் நடந்து வந்தன. அன்றிலிருந்து ஓடை அந்த வழியாகவே வளைந்து ஓடுகிறது.

போன மாரியில் கிழவர் இறந்துவிட்டார். அண்மையில் என்னைப் பார்க்க வந்த என் மகன், “அப்பா, ஓடை தன்ரபாட்டிலை திரும்பியிருக்குது” என்றான்.

“நான் வெட்டினதடா!”

“ஓமோம், நயாகராவும் நீங்கள்தான்” என்று சிரித்தான்.

அந்த வளைவில் பாதி கிழவருடையது. என் பாதியை ஓடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.