எக்கோ அறிக்கையின் கடைசி வரி

இதை எழுதும் நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வசிக்கும் வழக்கறிஞர். லூபஸ் என்னும் நோயெதிர்ப்புக் கோளாறு உள்ள கலைச்செல்வியின் கணவன்.

படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. லூபஸ் இதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், இன்று எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தோம்.

அறிக்கையில் ‘வால்வில் மிக லேசான கசிவு’ என்று படித்ததுமே அதை மருத்துவரிடம் நீட்டினேன்.

மருத்துவர் சிரித்தார். “இந்தளவு கசிவு ஆரோக்கியமானவங்களுக்கும் இருக்குங்க. இதயம் நல்லா வேலை செய்யுது. மூச்சு வாங்கறது ரத்தப் பரிசோதனையில தெரிஞ்ச ரத்தசோகையால.”

“இதை எழுத்துப்பூர்வமாகத் தர இயலுமா?”

“‘இதயச் செயல்பாடு இயல்பு’ன்னு கடைசி வரியிலயே இருக்குங்க. நீங்க நடுவுலயே நின்னுட்டீங்க.”

கலைச்செல்வி விடவில்லை. “டாக்டர், கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்னு கட்சிக்காரங்கள வெரட்டுறவரு இவரு!”

இதே பிழையைச் செய்தோர் கீழே பின்னூட்டத்தில் ஒப்புக்கொள்ளலாம்.

முழுவதும் படித்தபின் ஒப்பமிடுவது,
இரா. சுந்தரமூர்த்தி

சாட்சிகள்:
கலைச்செல்வி (இன்னும் சிரிக்கிறார்)
வரிசையில் அடுத்திருந்த வடக்குத்து கிராமத்து அஞ்சலை (அவரும்தான்)