அஜிதா எழுதிய தராசு

அஜிதாவை நினைத்தால் எனக்கு முதலில் கிருஷ்ணமணி மேல்தான் ஆத்திரம் வரும். நாகர்கோவிலில் எலெக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. எனக்கு அங்கே சால்டரிங் வேலை. தராசின் சிப்புக்குள் ஓடும் புரோகிராமை எழுதுபவள் அஜிதா. இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரி. மீன் ஏலச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே வராது.

2012இல் கிருஷ்ணமணி விலை குறைந்த வேறு சிப் வாங்கினார். புதுச் சிப்பில் பழைய புரோகிராம் சரியாக ஓடுமா என்று சோதிக்க அவகாசம் கேட்டாள் அஜிதா. "அதே எழுத்துதானே, தூக்கி இதுல போடு" என்றார். கத்திரிக்காய் வியாபாரம் என்று நினைப்பு!

அந்தத் தராசு முதலில் போனது தோவாளைப் பூச்சந்தைக்கு. அங்கே ஒரு கடையில் எடை போடுபவர் செல்வதாஸ். சில நாளிலேயே பிச்சிப்பூ கொண்டுவந்த ஒரு அம்மாள், வீட்டில் இரண்டு கிலோ இருந்த பூ இங்கே ஒன்றரை காட்டுகிறது என்று சண்டை பிடித்தார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். செல்வதாஸ் கையால் தட்டைத் தாங்கித் திருடுகிறார் என்று பேச்சானது. பூ வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு சொல்வதாக அவரை வெளியே நிறுத்தினார்கள்.

அவர் பட்டறை வாசலில் வந்து நின்று அஜிதாவைக் கூப்பிட்டார்.

"மக்களே, நான் கை வைக்கல. எனக்க மகனே என் மொகத்தப் பாக்க மாட்டேங்கான். மெசின்ல என்னண்ணு பாத்துச் சொல்லு."

அஜிதா அதே மாதிரித் தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். எத்தனை முறை வைத்தாலும் சரியாகக் காட்டியது. உள்ளே நடப்பதைப் பார்க்க, ஒவ்வொரு கணக்கையும் திரையில் காட்டும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். அப்போதும் தப்பே இல்லை. "அவன் கள்ளன்தான், வேலையப் பாரு" என்றார் கிருஷ்ணமணி. அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

மறுநாள் பஸ் பிடித்துத் தோவாளைக்குப் போய், மற்ற கடைகளில் எப்படி எடை போடுகிறார்கள் என்று பார்த்தாள். பூச்சந்தையில் யாரும் தட்டைக் காலி செய்வதில்லை. அள்ளி அள்ளி எடுத்தால் பூ கசங்கிவிடும். ஒருவருடைய பூ தட்டில் கிடக்கும்போதே, எடையைப் பூஜ்யமாக்கும் சைபர் பொத்தானை அழுத்தி, அதன் மேலேயே அடுத்தவர் பூவைக் கொட்டுகிறார்கள். எடைக்கல்லை வைத்துச் சோதிக்கிறவர்கள் யார் அப்படிச் செய்யப் போகிறார்கள்?

திரும்பி வந்து, சேர்த்த வரியை எடுத்துவிட்டு அதே போலச் செய்தாள். இரண்டு கிலோ வைத்தால் ஒன்றரை காட்டியது.

"எக்கா, இடம் மிச்சம் பிடிக்க ஒரே எண்ணுக்கு ரெண்டு பேரு வச்சிருந்தேன்" என்றாள் என்னிடம். "எங்க ஊர்ல கோயில் பேரு மரியான், வீட்டுப் பேரு சிஜோ. ஆளு ஒண்ணுதான். ரெண்டு ஆளுண்ணு நினைக்கவன், மரியானுக்குக் காலு ஒடிஞ்சாலும் சிஜோவ ஓடச் சொல்லுவான். நான் எழுதுனத பழைய சிப்புக்குப் புரியும்படி மாத்திக் குடுத்த கம்பைலர் ஒவ்வொரு தடவையும் ஆளப் போய்ப் பாத்துது. புதுச் சிப்புக்குள்ள கம்பைலர் பாக்காம பழைய எண்ணையே வச்சுக் கழிக்குது. நான் ஒரு வரி சேத்தா மட்டும் போய்ப் பாக்குது."

உடனே திருத்தினாள். திருத்தியதைச் சந்தோஷமாகக் கிருஷ்ணமணி கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு நானும் அவளோடு போனேன். கிருஷ்ணமணி முன்வரிசையில் இருந்தார். செல்வதாஸ் சுவரோரம் நின்றார். எல்லாருக்கும் முன்னால் அஜிதா சொன்னாள்: "தப்பு அவருக்கில்ல. நான் எழுதுனதுலதான் தப்பு. அந்தத் தராசுல இப்பவே காட்டுதேன்."

பிச்சிப்பூவைக் கொட்டி, சைபர் அழுத்தி, மேலே இரண்டு கிலோ கொட்டினாள். இரண்டு கிலோ காட்டியது. மறுபடி கொட்டினாள். மறுபடியும் சரியாகவே காட்டியது.

அவள் கிருஷ்ணமணியைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வீஸ் என்று சொல்லி முந்தின நாளே வந்து, அவள் திருத்தியதைத் தராசில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார், பாவி. கம்பெனி பேர் கெட்டுவிடுமாம்.

"நேத்து சர்வீஸ்ல மாத்திட்டாங்க. பழைய புரோகிராம் லேப்டாப்புல இருக்கு, ஏத்திக் காட்டுதேன்" என்று கத்தினாள் அஜிதா.

"நீயே எதையோ ஏத்தி, நீயே தப்பாக் காட்டுனா யாரும்மா நம்புவா?" என்றார் சங்கத் தலைவர். "சர்வீஸ் பண்ணினாங்கண்ணே இருக்கட்டும், அது எல்லா மெசினுக்கும் உள்ளதுதான். தராசுலருந்து அவன் கை போச்சு, எடை சரியாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

பூ கொண்டுவந்த அம்மாள் தலையாட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானே அங்கே புதிதாக வந்து நின்றிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வெளியே செல்வதாஸ் அவளிடம் கேட்டார்.

"நீ சரியாக்கினது நெசந்தானா மக்களே?"

"நெசம் அண்ணாச்சி."

"அப்ப இனி எனக்கு வேண்டி அது ஒருக்காலும் தப்பாக் காட்டாதா?"

"காட்டாது" என்றாள் அஜிதா.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.