கத்தரி படாத கில்ட்

மலேசியாவில் ஜாசின் என்ற ஊரில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சேலைக்கு ரவிக்கை, பள்ளிச் சீருடை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் எல்லாம் தைத்தாகிவிட்டது. எடுத்த கத்தரியைத் திரும்ப வைத்தது ஒரே ஒரு சனிக்கிழமைதான்.

அன்று காலை பதினொரு மணிக்கு ஜெசிந்தா ஓடிவந்தாள். மாலை நான்கு மணிக்கு அவளுக்கு மாதா கோயிலில் கல்யாணம். பின்னால் மாப்பிள்ளை டங்கன், ஸ்காட்லாந்துக்காரர். கூடவே அவருடைய பெரியப்பா, கையில் ஓர் அட்டைப்பெட்டியுடன்.

“பத்மாக்கா, நீங்கதான் காப்பாத்தணும் லா. இடுப்பு பத்தவே இல்ல!”

பெட்டியில் கில்ட் இருந்தது. அவர்கள் ஊர் ஆண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கம்பளி உடை. முழங்கால் வரை வரும். பின்பக்கம் முழுக்க மடிப்பு. அத்தனை மடிப்பிலும் அவர்கள் குடும்பத்துக்கே உரிய பச்சை நீலக் கட்டங்கள் வரிசை தப்பாமல் ஓடின. ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெரியப்பா அதை முந்தின நாள்தான் கொண்டுவந்திருந்தார்.

டங்கனின் இடுப்பை அளந்து பார்த்தேன். மூன்று அங்குலம் குறைந்தது. இடுப்பு வாரின் பக்கிளை நகர்த்தினால் ஓர் அங்குலம் கிடைக்கும். மிச்சத்துக்கு இரண்டு மடிப்பைப் பிரித்தாக வேண்டும். சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்தேன். பெரியப்பா துணியை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கட்டம் கலைந்தால் அது தங்கள் குடும்பத்து உடையே இல்லை என்று ஆங்கிலத்தில் கத்தினார். கேட்டால் எனக்குப் புரியும், பேசத்தான் வராது. ஸ்காட்லாந்தில் யாரும் கட்டத்தை எண்ணிப் பார்ப்பதில்லை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கண்டிப்பெல்லாம் என்று டங்கனும் குரலை உயர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவின் அப்பா ஆரோக்கியம் நுழைந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அலங்காரத்துக்குப் போன மகளைக் காணாமல் தேடி வந்திருந்தார்.

“இதயா கட்டப் போறாரு? எஸ்டேட்டு சனம் பூரா வருது. பாவாடையோட மாப்ள நின்னா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? ஒழுங்கா கால மறைக்கிற சிலுவார் போடச் சொல்லு. இல்லாட்டி நான் கோயிலுக்கே வரல!”

“அப்பா, இன்னிக்காச்சும் சும்மா இருங்க லா,” என்று ஜெசிந்தா அழுதேவிட்டாள்.

டங்கன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருடைய அப்பா தம் கல்யாணத்தில் உடுத்தியதாம். டங்கனுக்கு நான்கு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். பிரிக்கக் கூடாதென்றால் பெட்டியிலேயே வையுங்கள், நான் கால்சட்டையில் வருகிறேன் என்றார். ஆரோக்கியத்துக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பெரியப்பா அணைத்திருந்த துணியை உற்றுப் பார்த்தார்.

பெரியப்பாவின் கண் என் கையிலிருந்த கத்தரியிலேயே இருந்தது. அவர் பயந்தது அதற்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கத்தரியை மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

“ஜெசி, பெரியப்பாகிட்ட வெட்ட மாட்டேன்னு சொல்லு. தையல மட்டுந்தான் பிரிப்பேன். துணி முழுசா இருக்கும். கல்யாணம் முடிஞ்சதும் பழையபடி மடிச்சுக் குடுத்திடறேன்.”

அவள் சொல்லச் சொல்ல அவர் பிடி தளர்ந்தது. கில்ட்டை மேசைமேல் விரித்தார். நான் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க, அவரே துணியை இழுத்துப் பிடித்தார்.

“சீக்கிரம் தைம்மா, நாலு மணிக்குக் கோயில்,” என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம் மகளை அழைத்துப் போனார்.

மூன்றரைக்கு முடித்தேன். பின்பக்கம் ஓரிடத்தில் கட்டம் வரிசை தப்பித்தான் போயிற்று. கோயிலில் மாப்பிள்ளையின் ‘பாவாடை’யைப் பார்த்துச் சில பேர் சிரித்தார்கள். ஆரோக்கியம் நேராகப் பார்த்தபடி மகளை நடத்திவந்தார். ஆனாலும் குடும்பப் படத்தில் மாப்பிள்ளையை விட்டு ஓர் ஆள் தள்ளித்தான் நின்றார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: என்ன செய்யப் போகிறோம் என்று எல்லோரும் சொல்வோம். எதைச் செய்ய மாட்டோம் என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.