இரண்டு பெயர்களில் எழுதிய எங்கள் தம்பி

மலையையும் மணலையும் ஒரே கருணையால் தாங்கி நிற்கும் நயினை அன்னையின் திருவடியில் எங்கள் தம்பி அடைக்கலமாகி ஓராண்டு நிறைகின்றது. இக்கட்டுரையைக் கண்ணீரோடு அன்றி, நெஞ்சு நிறைந்த ஆறுதலோடு எழுதுகிறேன். அதன் காரணத்தை இந்நினைவு மலரைக் கையிலேந்தும் உறவுகள் அறிதல் வேண்டும்.

புகையிலைத் தோட்டம் செய்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் கடைக்குட்டியாகத் தம்பி நயினாதீவிலே பிறந்தார். இடப்பெயர்வுகளுக்கிடையே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்து, புலமைப்பரிசில் பெற்றுக் கடல் கடந்தார். அணுவினும் நுண்ணிய துணிக்கைகள் எவ்வாறு சிதைகின்றன என்று ஆராய்வதே அவரது வாழ்நாட் பணி. ஒருவரின் கட்டுரையைப் பிற ஆய்வாளர் எத்தனை முறை எடுத்தாளுகின்றனர் என்பதைக் கொண்டே அத்துறையில் மதிப்பு அளக்கப்படுமாம். அம்மதிப்பு தம்பிக்கு நிறையவே இருந்தது. ஆயினும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

மாணவராயிருந்த காலத்தில், நம் வழக்கப்படி ஐயாவின் பெயரை முதலெழுத்தாக்கித் தம் பெயரில் எழுதினார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது ஐயாவின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. பின்வந்த கட்டுரைகள் யாவும், தம் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, ஐயாவின் பெயரிலேயே வெளியாயின. எழுதியவர் இருவர் என்றே உலகம் எண்ணியது. தம்பியும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் நோய்ப்படுக்கையில் இருந்தபோதுதான் அது வினையாயிற்று. அவரது புதிய கட்டுரையிலுள்ள கணிப்பு முறை முன்னரே வேறொருவர் கண்டது என்றும், அவர் பெயரைச் சொல்லாமல் தம்பி எடுத்துக்கொண்டார் என்றும் ஓர் ஆய்வாளர் முறையிட்டார். அந்த வேறொருவர் தம்பியேதான்! தம்மைத் தாமே சுட்டிக்காட்டக் கூசிய அடக்கம் களவாகத் தோன்றிவிட்டது.

"சாவுக்குப் பயமில்லை அக்கா. கள்ளன் எண்ட பேரோட போகப்போறனோ எண்டுதான் பயமாக் கிடக்கு" என்று தொலைபேசியில் சொன்னார். அன்று பூசை வேளையில் அந்தப் பழி நீங்கவேண்டும் என்று மட்டுமே அன்னையிடம் வேண்டினேன்.

அவரது பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவினர், இரு பெயரும் ஒருவருடையதே என்பதற்குச் சான்று கேட்டனர். குறிகட்டுவான் துறைக்குப் படகேறி, வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்து அனுப்பினேன். என்னோடும் பேச வேண்டுமென்றார்கள். தம்பியின் மகள், என் மருமகள், அவர் கட்டிலருகே இருந்து அலைபேசியில் மொழிபெயர்த்தாள்.

"மாமி, கனக்கக் கதையாதேங்கோ. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை."

"உங்கட குடும்பத்துக்கு என்ன பேர் எண்டு கேக்கினம்."

"குடும்பத்துக்கு என்னத்துக்குப் பேர்? ஆளுக்குத்தானே பேர்! முன்னுக்கு நிக்கிறது ஐயான்ர பேர், பின்னுக்கு நிக்கிறது தம்பின்ர. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு ஆள்."

"அப்ப, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பாப்பாராம்?"

"ஒண்டுக்கும் திரும்பான். தம்பி எண்டு கூப்பிட்டாத்தான் திரும்புவான்."

கட்டிலிலிருந்து தம்பியின் குரல் சிரிப்போடு கேட்டது: "அக்கா, வழக்கைக் கெடுத்துப் போடாதேங்கோ!" நெடுநாளைக்குப் பின் அவர் சிரித்த சிரிப்பு அது.

அன்னை கைவிடவில்லை. இருவரும் ஒருவரே எனக் குழுவினர் எழுத்தில் உறுதிசெய்தனர், பழி நீங்கியது. கட்டுரைகளை இனி எந்தப் பெயரின் கீழ்ச் சேர்ப்பது என்று கேட்டார்கள்.

"ஐயான்ர பேரிலயே கிடக்கட்டும்" என்றார் தம்பி. "அந்த மனிசன் இந்தத் தீவை விட்டுத் தூரம் போனதில்லை. பேராவது போகட்டும்." பிறகு என்னிடம், "இப்பத்தான் அக்கா மூச்சு வருது" என்றார். அடுத்த கிழமை அமைதியாகக் கண்மூடினார்.

அவரைத் தாதியரினும் மேலாகப் பேணிய அவர் மனைவியாகிய என் மச்சாளுக்கும், மருமகளுக்கும், துணைநின்ற சக ஆய்வாளர்களுக்கும், ஈமக்கிரியைகளில் தோள் கொடுத்த ஊரவர்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடப்பாடுடையது. முறைப்பாடு செய்த அந்த முகமறியாத ஆய்வாளருக்கும் என் நன்றி உரியது. மெய்யாகவே சொல்கிறேன்: தம்பியின் பழைய கட்டுரைக்காக, அதை எழுதியவர் யாரென்றே அறியாமல் வழக்காடியவர் அவர் ஒருவரே.