ஆறாம் வகுப்பு 'சி' பிரிவில் நான் போட்ட கையெழுத்து

ஜூலை 8, திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு. ஒன்றின் மூலையில் ஒழுகல். ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். பதினெட்டு நிமிடத்தில் தொட்டி நிறைந்தது. ஏழே கால் மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ, பிறகு அம்பத்தூரிலிருந்து ரயில். எட்டரைக்குப் பட்டாபிராமில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருந்தேன்.

தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால், நூலகப் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டித் தருகிறேன் என்று நானே போய்க் கேட்டிருந்தேன். அன்றைக்கு 412இல் நின்றிருந்தது.

ஒன்பது மணிக்குத் தலைமை ஆசிரியையான சிஸ்டர் வந்தார். ஆறாம் வகுப்பு 'சி' பிரிவு டீச்சர் வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டாராம். ஆள் கிடைக்கவில்லை. நாளைக்குப் பிரிவைக் கலைத்து, பிள்ளைகளை 'ஏ'யிலும் 'பி'யிலும் பிரித்துப் போடப் போகிறார்கள். அதுவரை யாரும் ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கோந்து பாட்டிலோடு போனேன்.

முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, எனக்கு வணக்கமும் ஆசீர்வாதமும் பாடினார்கள். பாடிவிட்டு நின்றார்கள். நானும் நின்றேன். நான்கு நிமிடம் கழித்து, ரெட்டைப் பின்னல் போட்ட கிளாஸ் லீடர், "நீங்க சொன்னாதான் மிஸ் உக்காருவோம்" என்றாள்.

அடுத்து ஜெபம். அதையும் மிஸ்தான் சொல்ல வேண்டுமாம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கேற்றுவதோடு சரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் கடிதம். மேற்படி மாணவர்களுக்கு நல்ல புத்தி அருளுமாறு கேட்டுக்கொண்டு, "இங்ஙனம்" என்று முடித்தேன். யாரும் கண் திறக்கவில்லை. கிளாஸ் லீடர்தான் மெதுவாக "ஆமென்" சேர்த்தாள்.

மேசைமேல் வருகைப் பதிவேடு விரித்திருந்தது. எட்டாம் தேதிக் கட்டங்கள் முழுக்கக் காலி. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. முப்பத்தெட்டுப் பெயரையும் கூப்பிட்டுக் குறித்தேன், கூட்டல் போட்டேன், அடியில் தேதியோடு கையெழுத்தும் போட்டேன். வகுப்பு கைதட்டியது. கூட்டல் சரியாக வந்ததற்கு என்று நினைத்தேன். கிளாஸ் லீடர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

பத்து நிமிடத்தில் சிஸ்டர் அதை மார்போடு அணைத்தபடி வந்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட இடமோ வகுப்பு ஆசிரியருக்கு உரியது என்றார். தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன்.

சிஸ்டர் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். "உங்க ஸ்டோர்ஸ்ல தெரியாம ஒரு கையெழுத்து விழுந்தா என்ன செய்வீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. வேறொரு கம்பெனிக்கு வந்த பேரிங் பெட்டிக்குத் தவறிக் கையெழுத்துப் போட்டு, அதைப் பதினோரு வருடம் அலமாரியில் வைத்துக் காத்தவள் நான்.

"போட்டவங்கதான் பொறுப்பு, சிஸ்டர்."

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'சி' பிரிவு கலையவில்லை.

எந்தப் பாடம் நடத்துவது என்று யாரும் சொல்லாததால் கணக்கு என்று அறிவித்து, வகுப்பறையை இருப்பு எடுக்க வைத்தேன். மின்விசிறி இரண்டு, ஒன்று சுற்றாது. பெஞ்சு பதின்மூன்று, அதில் ஒன்றின் காலில் '6 ஏ' என்று எழுதியிருந்தது. மதியம் 'ஏ' பிரிவிலிருந்து இரண்டு பேர் அதைக் கேட்டு வந்தார்கள். எழுத்துமூலம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கிளாஸ் லீடரைத் தனியாகக் கூப்பிட்டு, பேனா மூடியைக் கழற்றி வைத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான் மிஸ். ரெண்டு வாரமா லைப்ரரி ஜன்னல் வழியா உங்கள பாத்துகினே இருந்தோம். ஒரு புக்குல நம்பர் கோணலா இருந்தாகூட பிச்சிட்டு திரும்ப ஒட்டுவீங்க. காலியா இருந்தா நீங்க உட மாட்டீங்கன்னு தெரியும்."

எதற்கு இவ்வளவும் என்றேன். அவள் திரும்பி, தன் பெஞ்சில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டினாள்.

"அவளும் நானும் எல்கேஜிலேர்ந்து ஒரே பெஞ்சு, மிஸ். என்ன 'ஏ'லயும் அவள 'பி'லயும் போட இருந்தாங்க."

கிளாஸ் லீடரைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. என்ன குற்றத்துக்கு என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மாலை வாசலில் வாட்ச்மேன் வழிமறித்தார். "இன்னா மேடம், 'சி'ல கையெழுத்து போட்டுட்டீங்களாமே. நம்பர் ஒட்ற வரிக்கும் எப்ப வேணா போவலாம் வரலாம். இனிமே நாலு மணிக்கு முன்ன உங்களுக்கு கேட்டு தெறக்க மாட்டேன்."

மறுநாள் ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் எடுக்கவில்லை, மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக டைரியைத் திறந்து, காலையில் வகுப்பில் சொல்வதற்கு நான்கு வரியில் ஒரு ஜெபம் எழுதினேன். முடிக்கும்போது கை தானாகவே 'இங்ஙனம்' என்று எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை. அதன் கீழேயே 'ஆமென்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.