வசந்தா பள்ளிக்கூடம் போன நாள்

அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்கும்போதே வசந்தாவின் வாய் தொடங்கிவிடும். "இன்னா கண்ணு, மீனை வெரலால குத்திக்கினே கீற? அது செத்துப்போச்சு, கூச்சப்படாது. வேணுமா வேணாமா, சட்டுனு சொல்லு!" அனுப்பம்பட்டு ரயில் நிலைய வாசலில் காலையில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் குரல் பழகிவிட்டது. புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, முழங்கை வரை மீன் செதில். மடவை மீனை அறுக்கும்போது கத்தியும் நிற்காது, பேச்சும் நிற்காது.

எங்கே சண்டை நடந்தாலும் அங்கே அவளுக்கு வேலை உண்டு. கருவாட்டுக்கடை ஜெயம்மாவும் ஆட்டோக்காரரும் மல்லுக்கு நின்றால், பாதி அறுத்த மீனைக் கையில் பிடித்தபடியே நடுவில் போய் நிற்பாள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டுவிட்டுப் போவதெல்லாம் கிடையாது. போன பிறகு முடிவு செய்துகொள்வாள். ஜெயம்மாவே ஒருமுறை, "தாயே, நீ வராம இருந்தா நாங்க அப்பவே சமாதானமாயிருப்போம்" என்று கும்பிட்டாள்.

புருஷன் நீலமேகம் வாயில்லாப் பூச்சி. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுவார், வீட்டுக்கு வந்தால் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மகள் வைஷ்ணவி அப்பனை உரித்து வைத்தவள்.

மீன்கூடை தன் தலையோடு போகட்டும் என்றுதான் மகளை மீஞ்சூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள் வசந்தா. வேன் வரும் நேரமானால் பிள்ளைக்கு வயிற்றுவலி. வகுப்பில் வாயே திறப்பதில்லை. "உங்க பொண்ணு ஊமையா?" என்று ஒரு டீச்சர் கேட்டுவிட, அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடம் பட்ட பாடு சொல்லி மாளாது. மகளைக் கையோடு இழுத்து வந்து தங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

இங்கே ரோஸ்மேரி டீச்சர் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பாட்டு, படம், களிமண், நாடகம்தான். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. மணி அடிக்கும் முன்பே பிள்ளை ஓடினாள். ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தாளம் போட்டுப் பாடியபடி வீட்டுக்கு வந்தாள். அதைக் கேட்கக் கேட்க வசந்தா புலம்பினாள். "ஆடிக்கினு பாடிக்கினு கீறவளுக்கு எவன் வேலை குடுப்பான்? சந்தோஷத்த வச்சு சோறு பொங்க முடியுமா?"

மீஞ்சூரிலேயே வேறொரு பள்ளிக்கூடத்தில் இடம் பேசி முடித்தாள். "நைனா, நீயாவது சொல்லேன்" என்றாள் வைஷ்ணவி. நீலமேகம் கூரையைப் பார்த்தார். அன்று ராத்திரி பிள்ளை சோறு வேண்டாம், வயிறு வலிக்கிறது என்றாள். வசந்தாவுக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

மறுநாள் டி.சி. வாங்கப் போனாள். "எழுதிக்கினு இருக்கேன், உட்காருங்க" என்றார் தலைமையாசிரியை. பக்கத்து அறையில் ஏதோ சண்டைச் சத்தம். அப்புறம் வசந்தா எங்கே உட்கார்வது? எழுந்து போய்விட்டாள்.

உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடு பஞ்சாயத்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரியில் இறால் விழும் இடத்தில் கரையிலுள்ள மூன்று குப்பத்தாரும் ஆளுக்கொரு நாள் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அதற்குப் பேர் பாடு. கோயில் வாசலில் கூடி அதைப் பேசித் தீர்ப்பது ஆண்கள் மட்டும். ஊர்ச் சண்டையெல்லாம் பார்த்த வசந்தா கால் வைக்காத ஒரே இடம் அதுதான். இங்கேயோ தலையில் துண்டு கட்டிக்கொண்டு தலைவராக உட்கார்ந்திருந்தாள் வைஷ்ணவி.

"புயல் அன்னிக்கு நம்ம குப்பத்து முறை. யாரும் ஏரில எறங்கல. ஆனா மறுநாள் கீழ்க்குப்பத்துக்குத்தான். இதான் தீர்ப்பு!"

வசந்தாவுக்கு நாடகம் என்பதே மறந்துபோயிற்று. "இன்னாடி நியாயம் இது? நம்ம நாளு வீணாப்போச்சு, மறுநாளும் வுட்டுக்குடுப்பியா? வலைய வச்சுக்கினு ஒங்க நைனா தூங்குறதா?"

பிள்ளைகள் திகைத்தார்கள். ரோஸ்மேரி டீச்சர் தலைவரைக் கை காட்டினார். வைஷ்ணவி நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் ஒருநாளும் கேட்காத குரலில் பேசினாள்.

"புயல் எல்லாருக்குந்தான் வந்துச்சு. நமக்காக ஒரு நாள் தள்ளுனா, அதுக்கப்புறம் எல்லா நாளும் தள்ளிப்போவும். இங்க பாரு." தரையில் மூன்று நிறச் சாக்பீஸில் நாட்களை வட்டமாகப் போட்டிருந்தாள். "அமாவாசை கீழ்க்குப்பத்து முறை. எறா அள்ளுற நாளு. தள்ளுனா அது நமக்கு வந்துரும். அவங்க வூட்ல இன்னா பண்ணுவாங்க?"

வசந்தா குனிந்து, வட்டத்தை விரலால் எண்ணிப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரியாகத்தான் இருந்தது. இத்தனை பேர் நடுவில் இப்படிப் பேசுவது தன் மகளா என்று அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆனாலும் வசந்தாவிடம் இன்னொரு கேள்வி பாக்கியிருந்தது. "அப்போ அடுத்த புயலுக்கு..."

"பேசணும்னா கை தூக்கணும்" என்றார் தலைவர். "பஞ்சாயத்துல இஷ்டத்துக்குப் பேசக்கூடாது."

"வசந்தாம்மா, டி.சி. ரெடி. வந்து கையெழுத்துப் போடுங்க!" என்று அலுவலக அறையிலிருந்து குரல் வந்தது.

"இரு மேடம், இங்க பஞ்சாயத்து நடக்குதில்ல?" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, பிள்ளைகளை நகரச் சொல்லி வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் வசந்தா. செதில் ஒட்டிய வலது கையை நேராக மேலே தூக்கினாள்.